வீட்டு மாடியில் சோலார்: செலவு எவ்வளவு, மானியம் எவ்வளவு, மார்க்கம் சொல்வது என்ன?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



கடந்த ஓரிரு ஆண்டுகளாக ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது நம்மிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: “ஹஜ்ரத், மாடியில் சோலார் போட்டால் அரசு 78,000 ரூபாய் தருகிறதாம். மீதிப் பணத்துக்கு வங்கிக் கடனும் தருகிறார்களாம். போடலாமா?” இந்த ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. நம் வீட்டுக்கு சோலார் தேவையா? அதற்கான பணம் எங்கிருந்து வரும்? எந்த மாடியில் போடப் போகிறோமோ, அந்த மாடி யாருடையது?

முதல் கேள்விக்கு கரன்ட் பில்லே பதில் சொல்லும். மற்ற இரண்டுக்கும் மார்க்கம்தான் பதில் சொல்ல வேண்டும். மூன்றையும் இக்கட்டுரையில் வரிசையாகப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.

அரசு தரும் மானியம்

ஒன்றிய அரசு 2024 பிப்ரவரியில் ‘பிரதான் மந்திரி சூர்ய கர்: முஃப்த் பிஜ்லி யோஜனா’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. நாடு முழுவதும் ஒரு கோடி வீடுகள் இதன் இலக்கு. ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய். 2026-27 நிதியாண்டு வரை திட்டம் நடைமுறையில் இருக்கும். வீடுகளுக்கான மானியம் இதுதான்:

• 1 கிலோவாட்: 30,000 ரூபாய்
• 2 கிலோவாட்: 60,000 ரூபாய்
• 3 கிலோவாட்டும் அதற்கு மேலும்: 78,000 ரூபாய்

5 கிலோவாட் போட்டாலும் மானியம் 78,000 ரூபாய்தான்; அதற்கு மேல் உயராது. அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள் பொது விளக்கு, மோட்டார், லிஃப்ட் போன்றவற்றுக்கு சோலார் போட்டால் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் கிடைக்கும். இது வீடுகளுக்கான திட்டம். பள்ளிவாசல், மதரஸா, கடை ஆகியவற்றுக்கு இந்த மானியம் கிடையாது. பள்ளிவாசல் நிர்வாகிகள் தங்கள் மாடியில் சோலார் போடலாம்; ஆனால் முழுச் செலவையும் கணக்கிட்டுத்தான் இறங்க வேண்டும்.

‘முஃப்த் பிஜ்லி’ என்றால் இலவச மின்சாரம். இந்தப் பெயரைக் கேட்டு, பேனலையே இலவசமாகத் தருவதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. முதலில் நாம் பணம் கட்டி அமைக்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு மானியம் நம் வங்கிக் கணக்குக்கு வரும். “இலவச சோலார் ஒதுக்கியிருக்கிறோம், ஓடிபி சொல்லுங்கள்” என்று யாராவது போன் செய்தால் அது மோசடி. வீட்டிலுள்ள பெரியவர்களிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

செலவு எவ்வளவு?

ஊர், மாடியின் அமைப்பு, பேனலின் தரம் ஆகியவற்றைப் பொறுத்து விலை மாறும். இன்று தமிழ்நாட்டில் பொதுவாகக் கிடைக்கும் கொட்டேஷன்களை வைத்துப் பார்த்தால்:

• 1 கிலோவாட்: சுமார் 65,000 முதல் 80,000 ரூபாய்
• 2 கிலோவாட்: சுமார் 1,20,000 முதல் 1,50,000 ரூபாய்
• 3 கிலோவாட்: சுமார் 1,70,000 முதல் 2,10,000 ரூபாய்

பேனல், இன்வெர்ட்டர், இரும்புச் சட்டம், ஒயர், எர்த்திங், வேலைக் கூலி எல்லாம் இதில் அடங்க வேண்டும். மாடியில் துணி காயப்போடவும் நடமாடவும் இடம் வேண்டுமென்று சட்டத்தை ஆள் உயரத்துக்கு மேல் தூக்கிக் கட்டினால் செலவு கூடும். ஒரு கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி நிழலில்லாத இடம் தேவை. பக்கத்துத் தென்னை, தண்ணீர்த் தொட்டி, மாடிப்படிக் கூண்டு இவற்றின் நிழல் பேனல் மீது விழுந்தால் உற்பத்தி குறையும்.

2025 செப்டம்பர் 22 முதல் சோலார் சாதனங்களுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு முன் வாங்கிய கொட்டேஷன் கையில் இருந்தால் புதிதாகக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு விஷயத்தையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். மின்வாரிய இணைப்போடு சேர்ந்து இயங்கும் சாதாரண சோலார், கரன்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை பார்க்கும் ஊழியரின் உயிருக்கு ஆபத்து வரக்கூடாது என்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். கரன்ட் போனாலும் மின்விசிறி ஓட வேண்டுமென்றால் பேட்டரி வேண்டும். அதற்குத் தனிச் செலவு. பேட்டரிக்காகக் கூடுதல் மானியம் கிடையாது.

உங்கள் பில் என்ன சொல்கிறது?

நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். நமக்கு மின் கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால், ஒரு கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 240 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது குறையும், கோடையில் கூடும்.

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் 2.35 ரூபாய்ச் சலுகை போய்விடும், 101-லிருந்தே 4.70 ரூபாய். 501 முதல் 600 வரை 8.40, 601 முதல் 800 வரை 9.45 என்று ஏறிக்கொண்டே போகும். 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய் கட்டும் வீடு, பத்து யூனிட் கூடி 510 ஆனால் 2,124 ரூபாய் கட்ட வேண்டும்.

மூன்று குடும்பங்களை எடுத்துக்கொள்வோம்.

முதல் குடும்பம்: இரண்டு மாதத்துக்கு 200 யூனிட். பில் 235 ரூபாய்; ஆண்டுக்கு 1,410 ரூபாய். 75,000 ரூபாயில் 1 கிலோவாட் போட்டு 30,000 மானியம் கழித்தாலும் 45,000 ரூபாய் கைக்காசு போகும். அது திரும்பி வர முப்பது ஆண்டுக்கு மேல் ஆகும். பேனலுக்குத் தரும் உத்தரவாதமே பொதுவாக 25 ஆண்டுதான். இந்தக் குடும்பத்துக்கு சோலார் தேவையில்லை. யார் என்ன சொன்னாலும் தேவையில்லை.

இரண்டாவது குடும்பம்: 400 யூனிட். பில் 1,175 ரூபாய். 1 கிலோவாட் போட்டால் 240 யூனிட் கழிந்து 160 யூனிட்டுக்கு 141 ரூபாய் வரும். ஆண்டுக்கு மிச்சம் சுமார் 6,200 ரூபாய். 45,000 ரூபாய் திரும்ப ஏழு ஆண்டுக்கு மேல். இதே குடும்பம் “மானியம் அதிகம் வருகிறதே” என்று 2 கிலோவாட் போட்டால், 1,35,000-இல் 60,000 கழித்து 75,000 ரூபாய் செலவு. மிச்சமோ ஆண்டுக்கு 7,050 ரூபாய்தான். பத்து ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். மானியம் இரட்டிப்பாகக் கிடைத்தும் இலாபம் குறைகிறது.

மூன்றாவது குடும்பம்: கூட்டுக் குடும்பம், ஏசி உண்டு, 800 யூனிட். பில் 4,770 ரூபாய். ஆண்டுக்கு 28,620 ரூபாய். 3 கிலோவாட் போட்டால் 720 யூனிட் அளவுக்குக் கழிந்து, மீதி இலவச யூனிட்டுக்குள் அடங்கிவிடும். 1,90,000-இல் 78,000 போக 1,12,000 ரூபாய் செலவு. நான்கு ஆண்டில் திரும்பிவிடும்.

ஆகவே கடைசி ஆறு பில்களை எடுத்து வைத்துக் கூட்டிப் பாருங்கள். 500 யூனிட்டை அடிக்கடி தாண்டும் வீட்டுக்குத்தான் சோலாரால் உண்மையான பலன். மற்றவர்கள் பழைய மின்விசிறியை மாற்றுவது, தேவையற்ற விளக்கை அணைப்பது போன்றவற்றிலேயே போதிய அளவு மிச்சம் பிடிக்கலாம். வீண்விரயம் செய்யாதீர்கள் என்ற கட்டளை (அல்அஃராஃப் 31) கரன்டுக்கும் பொருந்தும்.

மானியமும் நெட் மீட்டரும் ஆகுமா?

மானியம் என்பது அரசு தன் குடிமக்களுக்கு நிபந்தனையோடு தரும் உதவி. அதை வாங்குவதில் மார்க்கத் தடை இல்லை. ஆனால் நிபந்தனையை உண்மையாக நிறைவேற்ற வேண்டும். மானியம் பெற இந்தியாவில் தயாரான செல்களைக் கொண்ட பேனல்களைத்தான் பொருத்த வேண்டும். விலை குறைவு என்று வெளிநாட்டுப் பேனலைப் பொருத்திவிட்டு, தாளில் உள்நாட்டுப் பேனல் என்று எழுதிக் கொடுத்தால் அது பொய்ச் சாட்சி. அப்படி வரும் பணம் ஹலாலான பணம் ஆகாது. வீட்டு இணைப்பில் மானியம் வாங்கிக் கடைக்கு ஒயர் இழுப்பதும் அப்படித்தான்.

நெட் மீட்டர் குறித்தும் சிலர் கேட்கிறார்கள். பகலில் நாம் அனுப்பும் யூனிட்டை மின்வாரியம் குறித்துக்கொண்டு, இரவில் நாம் எடுக்கும் யூனிட்டில் கழிக்கிறது. யூனிட்டுக்கு யூனிட் நேர் செய்யும் இந்த ஏற்பாட்டில் வட்டி எதுவும் இருப்பதாக நாம் காணவில்லை.

மாடியில் பொருத்திய சோலாருக்கு ஜகாத் இல்லை. அது சொந்தப் பயன்பாட்டுப் பொருள். சோலார் போடவென்று சேர்த்து வைத்த பணம் நிஸாபை அடைந்து ஓர் ஆண்டு முழுமையானால் அந்தப் பணத்துக்கு ஜகாத் உண்டு.

பணம் எங்கிருந்து?

இங்குதான் நம் குடும்பங்கள் சறுக்குகின்றன. இத்திட்டத்தின் கீழ் வங்கிகள் பிணையில்லாமல், குறைந்த வட்டியில் கடன் தருகின்றன. “ஆறு, ஏழு சதவீதம்தானே, மிச்சமாகும் கரன்ட் பில்லை வைத்தே தவணை கட்டிவிடலாமே” என்று விற்பனையாளர் கணக்குப் போட்டுக் காட்டுவார். கணக்கு சரியாகவே இருக்கலாம். ஆனால் வட்டி குறைவாக இருப்பதால் அது வட்டி இல்லாமல் போய்விடாது. வியாபாரத்தை ஆகுமாக்கி வட்டியைத் தடுத்த இறைவன் (அல்பகரா 275), அதில் சதவீதம் வைத்து விலக்குத் தரவில்லை. உயிர் போகும் நிர்ப்பந்தம் வேறு. கரன்ட் பில்லைக் குறைக்கும் ஆசை வேறு. திட்டம் முடியப் போகிறது என்ற அவசரமும் நிர்ப்பந்தம் ஆகாது.

அப்படியானால் வழி என்ன?

ஒன்று, கையிருப்புக்கு ஏற்ற அளவில் போடுவது. 3 கிலோவாட்டுக்கு வட்டிக் கடன் வாங்குவதைவிட, கையிலுள்ள பணத்துக்கு 1 கிலோவாட் போடுவது மேல்.

இரண்டு, குடும்பத்துக்குள் கர்ளு ஹஸன். வெளிநாட்டிலிருக்கும் மச்சானோ சாச்சாவோ அழகிய கடனாகக் கொடுத்தால் வாங்கலாம். தொகையையும் திருப்பித் தரும் நாளையும் எழுதிக்கொள்ளுங்கள். கடனை எழுதிக்கொள்ளச் சொல்லும் வசனம் (அல்பகரா 282) சொந்தக்காரர்களுக்கு விலக்குத் தரவில்லை.

மூன்று, தவணை விற்பனை. விற்பவரே “ரொக்கத்துக்கு 1,80,000, பன்னிரண்டு மாதத் தவணைக்கு 1,95,000” என்று சொல்லி, நாம் ஒன்றைத் தேர்ந்து, மொத்த விலையையும் தவணையையும் ஒப்பந்தத்திலேயே முடிவு செய்துவிட்டால் பெரும்பான்மை இமாம்களின் கருத்துப்படி அது ஆகும். ஆனால் பின்னால் ஒரு நிதி நிறுவனம் இருந்து, அது நமக்குக் கடன் கொடுத்து வட்டி வாங்கினால், ‘தவணை’ என்ற பெயர் அதை ஹலால் ஆக்காது. தாமதமானால் வட்டி ஏறும் என்ற வாசகம் தாளில் இருக்கிறதா என்றும் படித்துப் பாருங்கள்.

நான்கு, ஜமாஅத்துகளுக்கு ஒரு யோசனை. 78,000 ரூபாய் எப்படியும் அரசிடமிருந்து திரும்பி வரப்போகிற பணம். அதுவரைக்கும் மட்டும் கைமாற்றாகத் தர ஒரு பொது நிதி இருந்தால் போதும். மானியம் வந்ததும் திருப்பி வாங்கி அடுத்த வீட்டுக்குக் கொடுக்கலாம். ஒரே தொகை சில ஆண்டுகளில் பல குடும்பங்களை வட்டியிலிருந்து காப்பாற்றும். இந்த நிதியை நன்கொடையில் திரட்ட வேண்டும். ஜகாத் பணத்தை இதில் போடக்கூடாது. அது எட்டு வகையினருக்கென்று (அத்தவ்பா 60) வரையறுக்கப்பட்டது.

மாடி யாருடையது?

மானியத்துக்கு விண்ணப்பிக்க, மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரே விண்ணப்பிக்க வேண்டும். நம் வீடுகளில் பாதிச் சிக்கல் இங்கேதான். வாப்பா மவ்த்தாகிப் பத்து ஆண்டாகியும் இணைப்பு அவர் பெயரிலேயே இருக்கும். சோலார் போட நினைக்கும் மகன், மற்ற வாரிசுகளின் ஒப்புதலோடு பெயர் மாற்றப் புறப்படும்போதுதான், வீடு இன்னும் பாகப்பிரிவினை ஆகவில்லை என்பது நினைவுக்கு வரும்.

அந்த வீட்டில் உம்மாவுக்கு எட்டில் ஒரு பங்கு உண்டு. கட்டிக் கொடுத்து அனுப்பிய சகோதரிகளுக்கும் பங்கு உண்டு. அது அல்லாஹ் நிர்ணயித்த பங்கு (அன்னிஸா 11, 12). “ஒரு கையெழுத்துத்தானே, போடு லாத்தா” என்று தாளை நீட்டுவது சம்மதம் வாங்குவது ஆகாது. எதற்கான கையெழுத்து என்று விளக்கிச் சொல்லுங்கள். மின் இணைப்புப் பெயர் மாறுவதால் வீட்டின் உரிமை மாறாது என்பதை எழுத்தில் கொடுங்கள். அதைவிடச் சிறந்தது, இந்தச் சாக்கிலேனும் உட்கார்ந்து பாகத்தைப் பிரித்துவிடுவது.

பிரிக்க இன்னும் காலம் எடுக்குமென்றால் மூன்று விஷயங்களை முன்பே பேசி எழுதிவிட வேண்டும். பேனல் யாருடைய சொத்து? நாளை வீட்டை விற்றாலோ பிரித்தாலோ அதைக் கழற்றிக்கொள்வாரா, மதிப்பைப் பெறுவாரா? மானியம் யாருக்கு?

கடைசிக் கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மானியம் விண்ணப்பதாரரின் கணக்குக்குத்தான் வரும். இணைப்பு உம்மா பெயரில், செலவு செய்தது இரண்டு மகன்கள் என்றால், 78,000 ரூபாய் உம்மாவின் கணக்கில் ஏறும். மகன்கள் கொடுத்தது அன்பளிப்பா, கடனா, அல்லது மானியத்தைப் பங்கிட்டுக்கொள்வதா என்பதை முதலிலேயே சொல்லிவிட்டால் மனக்கசப்புக்கு இடமில்லை.

வக்ஃபு இடத்தில் வாடகைக்குக் குடியிருப்போர் முதவல்லியின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் மாடியில் எதையும் நிறுவக்கூடாது.

விண்ணப்பிக்கும் வழி

1. திட்டத்தின் தேசிய இணையதளத்தில் செல்போன் எண், மின் இணைப்பு எண் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். 10 கிலோவாட் வரை தொழில்நுட்பச் சாத்திய ஆய்வுக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

2. அதே தளத்தில் பதிவு பெற்ற நிறுவனங்களின் பட்டியல் இருக்கும். அதிலிருந்து மட்டுமே தேர்ந்தெடுக்க வேண்டும். குறைந்தது மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்குங்கள். விலை பேசிக் குறைக்கலாம்.

3. பேனல் பொருத்தியபின் நெட் மீட்டருக்கு விண்ணப்பம், மின்வாரிய அதிகாரிகளின் ஆய்வு, பிறகு இயக்கச் சான்று.

4. வங்கி விவரம், ரத்து செய்த காசோலை ஆகியவற்றைப் பதிவேற்றினால் மானியம் கணக்குக்கு வரும். முப்பது நாளுக்குள் என்பது திட்டத்தின் இலக்கு.

நம் சமுதாயத்துக்கென்று ஓர் எச்சரிக்கை. ‘முஹம்மது’ என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் ஆதாரில் ஒரு விதமாகவும், மின் கட்டண அட்டையில் ஒரு விதமாகவும், வங்கிப் புத்தகத்தில் வேறு விதமாகவும் எழுதி வைத்திருப்போம். இனிஷியலும் இடம் மாறியிருக்கும். பணம் கட்டுவதற்கு முன்பே மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, வேறுபாடு இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள். மின் இணைப்புப் பெயரைப் பிரிவு அலுவலகத்தில் மாற்றலாம். நெட் மீட்டருக்கான கட்டணங்களையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் இருக்க வேண்டியவை

பேனலின் நிறுவனம், வாட், எண்ணிக்கை. இன்வெர்ட்டரின் நிறுவனம், உத்தரவாத ஆண்டு. வரி உள்பட மொத்த விலை. வேலை முடிக்கும் நாள். ஐந்து ஆண்டுப் பராமரிப்பு. ஐந்து ஆண்டுப் பராமரிப்பு இத்திட்டத்தின் நிபந்தனையே. அதற்குத் தனிப்பணம் கேட்டால் ஏன் என்று கேளுங்கள். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று இரும்பை அரித்துவிடும். அங்கே சட்டம் நன்கு துத்தநாகப் பூச்சு பெற்றதாக இருக்க வேண்டுமென்று எழுதி வாங்குங்கள். முழுப் பணத்தையும் முன்பணமாகக் கொடுக்காதீர்கள். ஒரு பகுதியை நெட் மீட்டர் ஓடத் தொடங்கியபின் கொடுப்பதாகப் பேசுங்கள். அதேபோல, வேலை முடிந்ததும் பேசிய பணத்தை இழுத்தடிக்காமல் கொடுப்பதும் நம் கடமை.

சூரியனைப் பிரகாசிக்கும் விளக்காக (அன்னபஃ 13) ஆக்கியவன் அல்லாஹ். அதன் ஒளிக்கு அவன் நம்மிடம் விலை கேட்பதில்லை. அந்த ஒளியை வீட்டுக்குள் கொண்டுவர வட்டியையும் ஒரு சகோதரியின் உரிமையையும் விலையாகக் கொடுத்துவிடாதிருப்போம். பில்லைப் பார்த்து அளவை முடிவு செய்து, ஹலாலான பணத்தில், உரிமையுள்ளவர்களின் மனமொப்பிய சம்மதத்தோடு போடும் ஒரு கிலோவாட்டிலும் பரக்கத் உண்டு. அல்லாஹ் நம் அனைவருக்கும் அந்த நற்பாக்கியத்தைத் தருவானாக. ஆமீன்.

வல்லாஹு அஃலம்.